விற்பனை மேசைக்குத் திரும்பிய தலைவர்

நம் நாட்டில் பல வீடுகளின் கூரையில் சுழலும் மின்விசிறிகளில் பானசோனிக் என்ற பெயரைக் காணலாம். தாத்தா பாட்டி காலத்தில் அதே நிறுவனத்தின் பொருள்கள் நேஷனல் என்ற பெயரில் விற்கப்பட்டன. 1965ஆம் ஆண்டிலேயே மலேசியாவில் கால் பதித்து, ஷா ஆலமில் தொழிற்சாலை அமைத்த ஜப்பானிய நிறுவனம் அது. அதைத் தொடங்கி, பல்லாண்டு காலம் வழிநடத்தியவர் கொனொசுகே மட்சுஷிதா. பெரிய நிறுவனத்தின் தலைமை நிர்வாகி என்றவுடன் பல்கலைக்கழகப் பட்டங்கள் நம் நினைவுக்கு வரும். மட்சுஷிதாவோ தொடக்கப்பள்ளியின் நான்காம் ஆண்டைக்கூட முடிக்காதவர்.

அவர் 1894ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் வக்கயாமா வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். தந்தை நிலபுலன்களோடு வாழ்ந்தவர். அரிசி விலை ஏறும் இறங்கும் என்று கணித்துப் பணம் போடும் வணிகத்தில் இறங்கி, எல்லாவற்றையும் இழந்தார். குடும்பம் நொடித்துப் போனது. ஒன்பது வயதில் மட்சுஷிதா தாயைப் பிரிந்து, தனியே ரயிலேறி ஒசாகா நகருக்குச் சென்றார். அங்குக் கணப்புச் சட்டி விற்கும் கடை ஒன்றில் கடைப்பையனாகச் சேர்ந்தார். சில மாதங்களில் அந்தக் கடை மூடப்பட, மிதிவண்டிக் கடைக்கு மாறினார்.

மிதிவண்டி அக்காலத்தில் விலை உயர்ந்த பொருள். ஒருநாள் பெரியவர்கள் யாரும் இல்லாததால், மிதிவண்டி ஒன்றை வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்க் காட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. அவர் விளக்கிய ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்த வாடிக்கையாளர், விலையில் பத்து விழுக்காடு குறைத்தால் வாங்குவதாகச் சொன்னார். மட்சுஷிதா ஓடிவந்து முதலாளியிடம் கேட்டார். முதலாளி ஐந்து விழுக்காடுதான் என்றார். அவர் விடவில்லை, அழுதுகொண்டே பத்துக்காக மன்றாடினார். அவர் தம் கடைக்கு வேலை செய்கிறாரா, வாங்குபவருக்கு வேலை செய்கிறாரா என்று முதலாளிக்கே ஐயம் வந்துவிட்டது. செய்தியறிந்த வாடிக்கையாளர் ஐந்து விழுக்காட்டிற்கே வாங்கிக்கொண்டார். அந்தப் பையன் அங்கே இருக்கும்வரை வேறு கடைக்குப் போகமாட்டேன் என்றும் உறுதி சொன்னார்.

ஒசாகா தெருக்களில் டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கியதைக் கண்ட மட்சுஷிதா, இனி வரப்போவது மின்சாரத்தின் காலம் என உணர்ந்தார். 1910ஆம் ஆண்டு மின்விளக்கு நிறுவனம் ஒன்றில் கம்பி இழுக்கும் உதவியாளராகச் சேர்ந்தார். 22 வயதிலேயே மேற்பார்வையாளராக உயர்ந்தார். ஓய்வு நேரத்தில், விளக்கைப் பொருத்தும் சாக்கெட்டைத் திருத்தி ஒரு புது வடிவத்தை உருவாக்கினார். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. 1917ஆம் ஆண்டு, கையிலிருந்த சிறு சேமிப்பை நம்பி, நிலையான வேலையைத் துறந்தார்.

மனைவி முமெனோ, மைத்துனர் தோஷியோ இயூவே, பழைய நண்பர்கள் இருவர் ஆகியோரே அவருக்குத் துணை. வாடகை வீட்டின் மண்தரைதான் பட்டறை. சாக்கெட்டுக்குத் தேவையான மின்காப்புப் பொருளை எப்படிக் கலப்பது என்பதுகூட அவர்களுக்கு முதலில் தெரியாது. பொருள் விற்கவில்லை. நண்பர்கள் விலகினர். முமெனோ தம் உடைகளை அடகு வைத்துக் குடும்பத்தை ஓட்டினார். அவரது பங்கைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அந்த அடகுச் சீட்டுகள் இல்லையென்றால் நிறுவனமே இல்லை. ஆண்டு முடியும் வேளையில் எதிர்பாராத ஓர் உத்தரவு வந்தது. மின்விசிறிக்கு வேண்டிய 1000 மின்காப்புத் தகடுகளை உடனே செய்து தர வேண்டும். இரவு பகலாக உழைத்துச் செய்து கொடுத்தனர். 1918ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் நிறுவனம் முறையாகத் தொடங்கியது. 1923இல் அவர் வெளியிட்ட, மின்கலத்தில் இயங்கும் மிதிவண்டி விளக்கு நெடுநேரம் எரிந்ததால் பெயர் பெற்றது. மைத்துனர் தோஷியோ பிற்காலத்தில் தனியே சென்று சான்யோ நிறுவனத்தைத் தொடங்கினார்.

1929ஆம் ஆண்டின் இறுதியில் உலகப் பொருளாதார மந்தம் ஜப்பானையும் தாக்கியது. விற்பனை பாதியாகக் குறைந்தது. கிடங்கில் சரக்குகள் மலைபோல் குவிந்தன. சுற்றியிருந்த நிறுவனங்கள் ஆள்குறைப்பில் இறங்கின. மட்சுஷிதாவோ நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். மூத்த அலுவலர்கள் வீடு தேடி வந்து, தொழிலாளர்களில் பாதிப் பேரை நிறுத்தினால்தான் பிழைக்கலாம் என்றனர். கணக்குப்படி அது சரியான யோசனைதான். மட்சுஷிதா அதை ஏற்கவில்லை. உற்பத்தியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். தொழிற்சாலையை அரைநாள் மட்டும் நடத்தச் சொன்னார். ஆனால், ஒருவரையும் நீக்கக்கூடாது, சம்பளத்தில் ஒரு காசும் குறைக்கக்கூடாது என்றார். அதற்குப் பதிலாக, அலுவலர்கள் விடுமுறையின்றித் தேங்கிய சரக்கை விற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

வேலை போய்விடும் என அஞ்சியிருந்தவர்கள் இந்தச் செய்தியைக் கேட்டு ஆரவாரம் செய்தனர். அனைவரும் கடை கடையாக ஏறி இறங்கினர். இரண்டு மாதங்களில் கிடங்கு காலியானது. முழுநேர உற்பத்தி மீண்டும் தொடங்கியது. இது இரக்கமா, வணிகத் திறமையா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டையும் பிரிக்க முடியாது என்றே தோன்றுகிறது. பழகிய தொழிலாளர்களை இழந்தால், நல்ல காலம் திரும்பும்போது அவர்களைத் தேடிப் பிடிக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

மெலிந்த உடல் அவருக்கு வேறொரு பாடத்தையும் கற்பித்தது. எல்லாவற்றையும் தாமே பார்க்க இயலாததால், 1933இல் நிறுவனத்தைப் பொருள்வாரியாகத் தனித்தனிப் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றின் இலாப நட்டத்திற்கும் ஒரு தலைவரைப் பொறுப்பாக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஜப்பானை ஆண்ட நேசப் படைகள் பெருநிறுவனத் தலைவர்களைப் பதவி விலகச் சொன்னபோது அவரது பெயரும் பட்டியலில் இருந்தது. வேறு பல இடங்களில் முதலாளிகளை வெளியேற்றத் துடித்தன தொழிற்சங்கங்கள். இவரது நிறுவனத்திலோ, தொழிற்சங்கமே கையொப்பம் திரட்டி, அவரை விட்டுவிடுமாறு அரசிடம் மனு கொடுத்தது. 1947இல் தடை நீங்கியது.

1961இல் நிர்வாகப் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, அவைத் தலைவராக மட்டும் இருந்தார். மூன்றே ஆண்டுகளில் சந்தை சரிந்தது. விற்பனை முகவர் நிறுவனங்களில் பெரும்பாலானவை இழப்பில் தவித்தன. 1964ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவர்களின் தலைவர்களை அட்டாமி நகருக்கு அழைத்துப் பேசினார். இரண்டு நாள் வாக்குவாதமாகவே கழிந்தது. தேவையில்லாத சரக்கைத் தலையில் கட்டுகிறார்கள் என்று முகவர்கள் குமுறினர். உங்கள் உழைப்பு போதாது என்று மட்சுஷிதாவும் வாதிட்டார். மூன்றாம் நாள் அவரது பேச்சு மாறியது. தொடக்கக் காலத்தில், தரம் இன்னும் உயராத தம் மின்விளக்குகளை நம்பி வாங்கி விற்றவர்கள் இவர்களே என்பதை நினைவுகூர்ந்தார். குற்றம் நிறுவனத்தின் மீதே என்று ஒப்புக்கொண்டு, கண்ணீருடன் மன்னிப்புக் கேட்டார். அரங்கில் இருந்த பலரும் கண்கலங்கினர்.

மன்னிப்போடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. விற்பனைப் பிரிவின் தலைவர் உடல்நலமின்றி இருந்ததால், அடுத்த மாதமே அந்தப் பொறுப்பைத் தற்காலிகமாகத் தாமே ஏற்றார். அப்போது அவருக்கு வயது 69. முகவர்களின் விற்பனை எல்லைகள் ஒன்றோடொன்று மோதாதபடி மாற்றியமைக்கப்பட்டன. பல முகவர்கள் முதலில் எதிர்த்தனர். அவர்களோடு மீண்டும் மீண்டும் அமர்ந்து பேசினார்.

இதற்கிடையே இன்னொரு வாக்குறுதி காத்திருந்தது. ஐந்து ஆண்டுகளில் வாரத்திற்கு ஐந்து நாள் வேலை என்ற முறையைக் கொண்டுவருவதாக அவர் 1960இல் அறிவித்திருந்தார். ஜப்பானில் ஆறு நாள் உழைப்பே வழக்கமாக இருந்த காலம் அது. நெருக்கடியைக் காட்டித் தள்ளிப்போட்டிருந்தால் யாரும் பெரிதாகக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். 1965ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அறிவித்தபடியே, அவரது தொழிலாளர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு கிடைத்தது. 1973இல் அவைத் தலைவர் பதவியிலிருந்தும் விலகிய மட்சுஷிதா, 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் தமது 94ஆம் வயதில் காலமானார்.