ஹோவார்ட் ஹியூஸ்

ஹோவார்ட் ரோபார்ட் ஹியூஸ் (டிசம்பர் 24, 1905 – ஏப்ரல் 5, 1976) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழிலதிபர், வானோடி, வானூர்தி வடிவமைப்பாளர், திரைப்படத் தயாரிப்பாளர் ஆவார். தம் காலத்தில் உலகின் மிகப்பெரும் செல்வந்தர்களுள் ஒருவராகக் கருதப்பட்டார். வானோட்டத்தில் பல உலக சாதனைகளை நிகழ்த்தியவர். டி. டபிள்யூ. ஏ. வானூர்தி நிறுவனத்தைப் பல ஆண்டுகள் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்து இழந்தார். பின்னர் நட்டத்தில் மூழ்கியிருந்த ஏர் வெஸ்ட் நிறுவனத்தை நார்த்வெஸ்ட் ஏர்லைன்சுடன் போட்டியிட்டு வாங்கினார். இவரது வாழ்வின் கடைசி ஆண்டுகள் யாரும் காணமுடியாத தனிமையில் கழிந்தன.

இளமை

ஹியூஸ் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். இவரது தந்தையார் பாறையைத் துளைத்து எண்ணெய்க் கிணறு தோண்ட உதவும் இரட்டைக் கூம்புத் துளைப்பான் ஒன்றை உருவாக்கி 1909 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றவர். அத்துளைப்பானை விற்காமல் வாடகைக்கு மட்டும் கொடுத்தது அந்நிறுவனத்துக்குப் பெருஞ்செல்வத்தை ஈட்டித் தந்தது. ஹியூஸின் தாயார் 1922 இலும் தந்தையார் 1924 இலும் இறந்தனர். பதினெட்டு வயதில் ஹியூஸ் டூல் நிறுவனத்தின் பெரும்பகுதி இவர் கைக்கு வந்தது. உறவினர்களின் பங்குகளையும் விலை கொடுத்து வாங்கி அதன் முழு உரிமையாளரானார். பிற்காலத்தில் இவர் ஈடுபட்ட எல்லா முயற்சிகளுக்கும் பணம் வந்தது இந்த ஒரு நிறுவனத்திலிருந்துதான்.

திரைப்படங்கள்

1925 ஆம் ஆண்டில் எல்லா ரைஸ் என்பவரை மணந்து ஹாலிவுட் சென்ற ஹியூஸ் திரைப்படத் தயாரிப்பில் இறங்கினார். இவர் தயாரித்த டூ அரேபியன் நைட்ஸ் (1927) நகைச்சுவைப் பட இயக்கத்துக்கான அகாதமி விருதை அதன் இயக்குநருக்குப் பெற்றுத் தந்தது. முதல் உலகப் போர் வானோடிகளைப் பற்றிய ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் (1930) படத்தை மௌனப் படமாகத் தொடங்கி, பேசும் படங்கள் வந்தவுடன் பெரும்பகுதியை மீண்டும் எடுத்தார். ஸ்கார்ஃபேஸ் (1932), தி அவுட்லா (1943) ஆகியவை தணிக்கைச் சிக்கல்களுக்கு உள்ளாயின. 1948 இல் ஆர். கே. ஓ. படநிறுவனத்தின் கட்டுப்பாட்டைப் பெற்றார். அது இவர் கையில் நலிவுற்றது. 1955 இல் அதனை விற்றார்.

வானோட்டம்

1930களில் ஹியூஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் தோன்றியது. அங்கு உருவான எச்-1 என்னும் பந்தய வானூர்தியை 1935 செப்டம்பரில் தாமே ஓட்டி மணிக்கு 567 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். இது அன்றைய தரைவானூர்திகளுக்கான உலக சாதனையாகும். 1937 இல் அதே வானூர்தியில் ஐக்கிய அமெரிக்காவின் குறுக்கே 7 மணி 28 நிமிடத்தில் பறந்தார். 1938 சூலையில் நான்கு உதவியாளர்களுடன் லாக்ஹீட் வானூர்தியொன்றில் உலகை 91 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான காலத்தில் சுற்றி வந்தார்.

1946 சூலையில் எக்ஸ்எஃப்-11 என்னும் வேவு வானூர்தியைச் சோதித்தபோது அது பெவர்லி ஹில்ஸ் பகுதியில் வீடுகளின் மேல் விழுந்து நொறுங்கியது. ஹியூஸ் கடும் காயங்களுடன் உயிர் பிழைத்தார். அப்போது வலிக்காக எடுத்துக்கொள்ளத் தொடங்கிய மருந்துகள் பின்னாளில் விடமுடியாத பழக்கமாயின. மரத்தாலான எச்-4 ஹெர்குலிஸ் என்னும் மாபெரும் நீர்வானூர்தி 1947 நவம்பர் 2 அன்று லாங் பீச் துறைமுகத்தில் ஒரே ஒருமுறை, ஏறத்தாழ ஒரு மைல் தொலைவு பறந்தது. அதன் இறக்கைகளின் அகலம் 97 மீட்டருக்கும் மேல். போர் முடிந்த பின்னரே பறந்ததால் அதனால் எப்பயனும் விளையவில்லை.

டி. டபிள்யூ. ஏ.

டி. டபிள்யூ. ஏ. நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் பிரை, தமது இயக்குநர் குழுவுடன் ஏற்பட்ட பிணக்கினால் 1939 ஆம் ஆண்டளவில் ஹியூஸின் உதவியை நாடினார். அவ்வாறு தொடங்கிய பங்குக் கொள்முதல் படிப்படியாக வளர்ந்து, இறுதியில் ஏறத்தாழ 78 விழுக்காட்டுப் பங்குகள் ஹியூஸ் டூல் வசம் வந்தன. லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் வானூர்தியின் உருவாக்கத்துக்கு ஹியூஸும் பிரையும் முக்கியக் காரணர்களாவர். 1944 ஏப்ரலில் இருவரும் அதனைக் கலிபோர்னியாவின் பர்பாங்க்கிலிருந்து வாசிங்டன் வரை ஏழு மணி நேரத்துக்குள் ஓட்டிச் சென்றனர்.

போருக்குப் பின் நிறுவனம் பன்னாட்டுத் தடங்களில் இறங்கியது. 1946 இல் கான்ஸ்டலேஷன்கள் பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சில வாரங்கள் தரையிறக்கப்பட்டன. அதே ஆண்டில் வானோடிகளின் வேலைநிறுத்தமும் சேர்ந்துகொண்டதால் பெரும் நட்டம் உண்டானது. ஹியூஸ் ஒரு கோடி டாலர் கடனாகக் கொடுத்து நிறுவனத்தைக் காப்பாற்றினார். அக்கடனைப் பங்குகளாக மாற்றிக்கொள்ளும் உரிமையையும் பெற்றார். நெருக்கடியில் பணம் கொடுத்து அதற்கு ஈடாகக் கட்டுப்பாட்டைப் பெறும் இம்முறையை இவர் நன்கறிந்திருந்தார். பிரை 1947 இல் பதவி விலக நேர்ந்தது. அதே ஆண்டில் அமெரிக்க மேலவைக் குழுவொன்று ஹியூஸின் போர்க்கால ஒப்பந்தங்களை விசாரித்தது. குழுவின் தலைவர் பான் ஆம் நிறுவனத்துக்குச் சார்பானவர் என்று ஹியூஸ் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். மக்களின் ஆதரவும் இவர் பக்கமே இருந்தது.

தாரை வானூர்திகள் வந்தபோது இதே முறை இவருக்கு எதிராகத் திரும்பியது. 1956 ஆம் ஆண்டில் ஹியூஸ் 33 போயிங் 707 வானூர்திகளுக்கும் 30 கான்வேர் 880 வானூர்திகளுக்கும் ஆணை கொடுத்தார். இவற்றின் மொத்த விலை ஏறத்தாழ 40 கோடி டாலர். புதிய பங்குகளை வெளியிட்டால் தமது கட்டுப்பாடு குறையும் என்பதால் அதனை இவர் விரும்பவில்லை. ஹியூஸ் டூல் ஈட்டும் பணம் மட்டும் போதவில்லை. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் கடன் தர முன்வந்தன. ஆனால் ஹியூஸின் பங்குகளுக்குரிய வாக்குரிமை ஓர் அறங்காவலர் குழுவிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று நிபந்தனை விதித்தன. 1960 ஆம் ஆண்டின் இறுதியில் ஹியூஸ் இதற்கு இணங்க வேண்டியதாயிற்று. மூன்று அறங்காவலர்களில் இருவர் கடன் கொடுத்தோரால் நியமிக்கப்பட்டவர்கள். நிறுவனம் இவருடையதாகவே இருந்தது, ஆனால் அதனை நடத்தும் அதிகாரம் இவரிடம் இல்லை.

புதிய தலைவர் சார்லஸ் டில்லிங்காஸ்ட் தலைமையில் டி. டபிள்யூ. ஏ. தன் பெரும் பங்குதாரரான ஹியூஸ் மீதே 1961 இல் வழக்குத் தொடுத்தது. வானூர்திகளை வாங்குவதில் இவர் விதித்த கட்டுப்பாடுகளால் நிறுவனத்துக்கு இழப்பு ஏற்பட்டது என்பது குற்றச்சாட்டு. வாக்குமூலம் கொடுக்க நேரில் வருமாறு அழைக்கப்பட்டும் ஹியூஸ் வரவில்லை. அப்போதே இவர் மக்கள் முன் தோன்றுவதை நிறுத்தியிருந்தார். இதனால் 1963 இல் இவருக்கு எதிராகத் தீர்ப்பானது. இழப்பீடு பின்னர் 14 கோடி டாலருக்கும் மேலாகக் கணக்கிடப்பட்டது. இவரது செயல்கள் குடிசார் வானூர்தி வாரியத்தின் ஒப்புதலுடன் நடந்தவை என்று கூறி உச்ச நீதிமன்றம் 1973 இல் அத்தீர்ப்பை மாற்றியது. நேரில் வர மறுத்தவருக்கே கடைசியில் வெற்றி கிட்டியது வியப்புக்குரியது.

இதற்கிடையில் 1966 மே மாதத்தில் ஹியூஸ் தம் பங்குகள் அனைத்தையும் பங்கொன்றுக்கு 86 டாலர் விலையில் விற்றார். 54 கோடியே 65 இலட்சம் டாலர் கிடைத்தது. இவர் கட்டுப்பாட்டை இழந்த ஆண்டுகளில் தாரை வானூர்திகளால் நிறுவனம் செழித்து, பங்கு விலை பன்மடங்கு ஏறியிருந்தது.

ஏர் வெஸ்ட் போட்டி

அப்பணத்துடன் 1966 நவம்பரில் ஹியூஸ் லாஸ் வேகாஸ் நகருக்கு வந்து டெசர்ட் இன் விடுதியின் மேல்தளத்தில் தங்கினார். விடுதியைக் காலி செய்யுமாறு கூறப்பட்டபோது 1967 இல் அவ்விடுதியையே வாங்கினார். அடுத்தடுத்துப் பல சூதாட்ட விடுதிகளும் நிலங்களும் இவர் வசமாயின. அந்நகருக்குப் பயணிகளைக் கொண்டுவரும் வானூர்தி நிறுவனம் ஒன்றும் இவருக்குத் தேவைப்பட்டது.

ஏர் வெஸ்ட் நிறுவனம் 1968 ஆம் ஆண்டில் பசிபிக், பொனான்சா, வெஸ்ட் கோஸ்ட் ஆகிய மூன்று சிறு வானூர்தி நிறுவனங்களை இணைத்து உருவாக்கப்பட்டது. இணைப்பு தொடக்கத்திலிருந்தே தடுமாறியது. பலவகை வானூர்திகள், மூன்று நிறுவனங்களின் ஊழியர்கள், ஒன்றோடொன்று பொருந்தாத நடைமுறைகள், இருக்கை முன்பதிவுக் குழப்பங்கள் ஆகியவற்றால் பயணங்கள் தாமதமாயின. பயணிகள் நிறுவனத்தின் பெயரையே கேலியாகத் திரித்து வழங்கினர். சில மாதங்களிலேயே நட்டம் பெருகியது.

அவ்வாண்டிலேயே ஹியூஸ் பங்கொன்றுக்கு 22 டாலர் கொடுத்து நிறுவனத்தை வாங்க முன்வந்தார். மொத்தம் 9 கோடி டாலருக்கும் மேல். நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரும் பெரும் பங்குதாரருமான நிக் பெஸ் இவ்விற்பனையை ஆதரித்தார். ஆனால் இயக்குநர் குழுவில் கருத்து வேறுபாடு இருந்தது. இந்நிலையில் மினசோட்டாவைத் தளமாகக் கொண்ட நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் நிறுவனம் ஏர் வெஸ்டைத் தன்னுடன் இணைத்துக்கொள்ள முன்வந்தது. நார்த்வெஸ்ட் தேர்ந்த வானூர்தி நிறுவனம். மற்றொரு பக்கத்தில், எவர் கண்ணிலும் படாத ஒருவர் கொடுக்கும் ரொக்கப் பணம்.

1968 டிசம்பர் இறுதியில் பங்குதாரர்களுள் சிறிய பெரும்பான்மையினர் ஹியூஸுக்கு ஆதரவாக வாக்களித்தனர். எனினும் இயக்குநர் குழு 13க்கு 11 என்ற கணக்கில் ஹியூஸை நிராகரித்தது. ஹியூஸின் விலைமுன்மொழிவு டிசம்பர் 31 உடன் முடிவடைய இருந்தது. எதிர்த்து வாக்களித்த இயக்குநர்கள் மீது வழக்குகள் தொடரப்பட்டன. அதே நாட்களில் பங்குச் சந்தையில் ஏர் வெஸ்ட் பங்குகள் பெருமளவில் விற்கப்பட்டு விலை சரிந்தது. இவ்விரு அழுத்தங்களுக்கிடையே இயக்குநர்கள் சிலர் மனம் மாறினர். ஆண்டின் கடைசி நாளில் ஒப்பந்தம் ஹியூஸுக்குச் சாதகமாக முடிந்தது.

ஆயினும் பங்குதாரர்கள் எதிர்பார்த்த 22 டாலர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நிறுவனத்தின் நிகர மதிப்புக் குறைந்தால் விலையும் குறையும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. குடிசார் வானூர்தி வாரியமும் குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சனும் 1969 சூலையில் ஒப்புதல் அளித்தனர். கைமாற்றம் 1970 ஏப்ரலில்தான் நிறைவேறியது. அதற்குள் நிறுவனம் மேலும் நட்டமடைந்ததால் பங்கொன்றுக்கு 9 டாலருக்கும் குறைவாகவே கொடுக்கப்பட்டது. அதிக விலை என்று நம்பி ஹியூஸுக்கு வாக்களித்தவர்களே இதில் ஏமாந்தவர்கள் எனலாம்.

விலையைச் சரிக்கும் நோக்குடன் ஹியூஸின் ஆட்கள் நண்பர்களைத் தூண்டிப் பங்குகளை விற்கச் செய்தனர் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1973 டிசம்பரில் ஹியூஸ் மீதும், இவரிடம் முன்பு பணிபுரிந்த ராபர்ட் மேயு உள்ளிட்டோர் மீதும் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. அக்குற்றப்பத்திரிகையில் குறையிருப்பதாக 1974 இல் நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. உரிமையியல் வழக்குகள் ஹியூஸின் மறைவுக்குப் பின்னரும் நீடித்தன. 1979 இல் முன்னாள் பங்குதாரர்களுக்குப் பல கோடி டாலர் கொடுத்து அவை முடித்துக்கொள்ளப்பட்டன.

ஹியூஸ் ஏர்வெஸ்ட் எனப் பெயர் மாற்றப்பட்ட நிறுவனம் தன் வானூர்திகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசிப் புகழ்பெற்றது. 1971 சூன் மாதத்தில் அதன் டிசி-9 வானூர்தியொன்று கலிபோர்னியாவில் போர் வானூர்தி ஒன்றுடன் வானில் மோதியதில் அதிலிருந்த 49 பேரும் உயிரிழந்தனர்.

இறுதிக் காலம்

ஹியூஸுக்கு இளமையிலிருந்தே நோய்க்கிருமிகள் பற்றிய அச்சம் இருந்தது. அது வயதுடன் முற்றியது. இன்றைய மருத்துவர்கள் பலர் இதனை எண்ண சுழற்சி நோய் எனக் கருதுகின்றனர். இரண்டாவது மனைவியான நடிகை ஜீன் பீட்டர்ஸுடன் 1957 இல் நடந்த திருமணம் 1971 இல் மணமுறிவில் முடிந்தது. திரையிட்டு மூடிய அறைகளில் இருந்தவாறு குறிப்புத் தாள்கள் வழியாகவே தம் நிறுவனங்களை நடத்தினார். 1970 நவம்பரில் லாஸ் வேகாஸை விட்டு நீங்கிப் பகாமாஸ், நிகரகுவா, கனடா, இலண்டன், மெக்சிகோ என இடம் மாறிக்கொண்டிருந்தார். 1972 இல் தந்தையார் விட்டுச் சென்ற துளைப்பான் தொழிலையும் விற்றார். எஞ்சிய நிறுவனங்கள் சும்மா கார்ப்பரேஷன் என்ற பெயரில் இயங்கின.

1976 ஏப்ரல் 5 அன்று மெக்சிகோவின் அகபல்கோவிலிருந்து ஹூஸ்டன் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில், வானூர்தியிலேயே இறந்தார். இறப்புக்குச் சிறுநீரகச் செயலிழப்புக் காரணமாகக் கூறப்பட்டது. உடல் எடை ஏறத்தாழ 41 கிலோகிராம் மட்டுமே இருந்தது. அடையாளம் காணமுடியாத அளவுக்கு மெலிந்திருந்ததால் கைரேகையைக் கொண்டே இவர் என உறுதி செய்தனர்.

மறைவுக்குப் பின்

செல்லத்தக்க உயில் எதுவும் கிடைக்கவில்லை. யூட்டாவில் கிடைத்த ஓர் உயில் போலியானது என 1978 இல் தீர்ப்பளிக்கப்பட்டது. சொத்துகள் நீண்ட வழக்குகளுக்குப் பின் உறவினர்களிடையே பிரிக்கப்பட்டன. ஹியூஸ் 1953 இல் நிறுவிய மருத்துவ ஆய்வு நிறுவனம் தன் வசமிருந்த ஹியூஸ் ஏர்கிராஃப்டை 1985 இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு 500 கோடி டாலருக்கும் மேல் விற்று, அப்பணத்தால் உயிரியல் ஆய்வுக்கு நிதியளிக்கும் பெரும் அமைப்புகளுள் ஒன்றானது. ஹியூஸின் இளமைக் காலத்தை மார்ட்டின் ஸ்கோர்செசி தி ஏவியேட்டர் (2004) என்னும் படமாக எடுத்தார்.

டி. டபிள்யூ. ஏ. நிறுவனம் 1985 இல் பிராங்க் லொரென்சோ, கார்ல் ஐகான் ஆகிய இரு முதலீட்டாளர்களின் போட்டியில் ஐகான் வசமானது. பின்னர் மும்முறை நொடித்து, 2001 இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸால் வாங்கப்பட்டது. ஹியூஸ் ஏர்வெஸ்ட் 1980 இல் 3 கோடியே 85 இலட்சம் டாலருக்கு ரிபப்ளிக் ஏர்லைன்ஸுக்கு விற்கப்பட்டது. அந்த ரிபப்ளிக்கை 1986 இல் வாங்கியது, 1968 ஆம் ஆண்டுப் போட்டியில் ஹியூஸிடம் தோற்ற நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸ் ஆகும். நார்த்வெஸ்ட் 2008 இல் டெல்டா ஏர்லைன்ஸுடன் இணைந்தது.