சட்டைக்காரரும் சித்திரத் துப்பாக்கியும்
(ஆலிவர் வின்செஸ்டர் வாழ்க்கை வரலாறு)



வின்செஸ்டர் துப்பாக்கி என்ற பெயரைக் கேட்டதும், அந்த வின்செஸ்டர் ஒரு படைத் தளபதியா இருப்பார்னுதான் நினைப்போம். அதுதான் இல்லை. அவர் சட்டை தைத்து விற்றவர்! ஒரு துப்பாக்கிகூட அவர் கண்டுபிடித்தது கிடையாது. அப்புறம் எப்படி அவர் பெயர் வந்தது? படியுங்கள்.

ஆலிவர் வின்செஸ்டர் 1810 நவம்பர் 30 அன்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தார். இரட்டைக் குழந்தைகளில் ஒருவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். சின்ன வயசிலேயே பண்ணை வேலைக்குப் போனார். பிறகு தச்சு வேலை பழகினார். பால்டிமோர் நகரத்துக்குப் போய்க் கட்டட வேலை செய்தார். அங்கேயே ஆண்களுக்கான துணிக்கடையும் வைத்தார்.

அந்தக் காலத்துச் சட்டை, கழுத்துப் பட்டியில் பிடித்து இழுக்குமாம். தோள்பட்டையில் தையலை வளைத்துப் போட்டால் இழுக்காது என்று வின்செஸ்டர் யோசித்தார். 1848-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். நியூ ஹேவன் நகரில் ஒரு கூட்டாளியோடு சட்டைத் தொழிற்சாலை தொடங்கினார். வெட்டிய துணியை ஏராளமான பெண்கள் வீட்டிலிருந்தே கையால் தைத்துக் கொடுத்தார்கள். பிறகு தையல் மெஷின் வந்தது. பணம் பெருகியது.

இப்போ துப்பாக்கிக்கு வருவோம். அந்த நாளில் பல துப்பாக்கிகளில் ஒரு தடவை சுட்டால், மறுபடியும் மருந்து போட்டு, குண்டு போட்டு, இடித்துத்தான் சுட முடியும். ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்ற இரண்டு பேர் இதை மாற்ற நினைத்தார்கள். நாம் அறிவியல் பாடத்தில் படித்தோமே நெம்புகோல், அதைத்தான் கைத்துப்பாக்கியில் வைத்தார்கள். விரல் நுழைகிற வளையம் மாதிரி ஒரு நெம்புகோல் கீழே இருக்கும். அதை முன்னால் தள்ளி மறுபடி இழுத்தால், அடிக்குழாயில் வரிசையாக இருக்கும் குண்டுகளில் ஒன்று மேலே வந்து சுடத் தயாராக நிற்கும். 1854-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1855-ல் ‘வால்கானிக்’ என்ற கம்பெனி உருவானது. வால்கானிக் என்றால் எரிமலை சம்பந்தப்பட்டது என்று அர்த்தம். அதில் பணம் போட்டவர்களில் வின்செஸ்டரும் ஒருவர்.

பேர்தான் எரிமலை, ஆனா வேகம் இல்லை! குண்டின் அடியில் குடைந்த சின்னக் குழிக்குள்ளேயே வெடிமருந்தை அடைத்தார்கள். அவ்வளவு குறைந்த மருந்துக்கு என்ன சக்தி இருக்கும்? விற்பனை சரியாக ஆகவில்லை. கம்பெனி கடனில் மூழ்கியது. ஸ்மித்தும் வெஸ்ஸனும் விலகி வேறு வழிக்குப் போய்விட்டார்கள். வின்செஸ்டர் மட்டும் விடவில்லை. 1857-ல் கம்பெனியின் சொத்தையெல்லாம் தானே வாங்கி, புதுப் பெயரில் நடத்தினார். சட்டையில் சம்பாதித்த பணம் துப்பாக்கிக்குள் போனது.

அங்கே வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பவர்தான் பிரச்சினையைத் தீர்த்தார். மருந்தை உலோகக் கூட்டில் அடைத்த தோட்டா செய்தார். அதற்கு ஏற்ற நீளத் துப்பாக்கியும் செய்து, 1860-ல் காப்புரிமை பெற்றார். அதன் குழாயில் 16 தோட்டாக்கள் போடலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அது பேர் வாங்கியது. ஆனால் தனக்குச் சேர வேண்டியது கிடைக்கவில்லை என்று ஹென்றிக்கு மனக்குறை. கம்பெனியைத் தன் பக்கம் கொண்டுவரப் பார்த்தார், முடியவில்லை. விலகிப் போனார். 1866-ல் கம்பெனிக்கு வின்செஸ்டர் தன் பெயரையே வைத்தார். அதே ஆண்டு கனெக்டிகட் மாநிலத் துணை ஆளுநராகவும் ஆனார்.

1873-ல் வந்த அவர்கள் துப்பாக்கி, பின்னால் 7 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. விற்றது துணி இல்லையே, அதனால் உயிர்களும் போயின. வெள்ளையர் கையிலும் இருந்தது, தங்கள் மண்ணுக்காகப் போராடிய பூர்வகுடி மக்கள் கையிலும் இருந்தது. 1880 டிசம்பரில், 70 வயதில் வின்செஸ்டர் இறந்தார். மூன்றே மாதத்தில் அவர் மகன் வில்லியமும் காசநோயால் இறந்தார். மருமகள் சாரா கலிபோர்னியாவில் கட்டிய பல அறைகள் கொண்ட வீட்டை இன்றும் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள்.

இனிதான் ஆச்சரியம்! அன்று விலை போகாத அந்த வால்கானிக் கைத்துப்பாக்கியை இன்று சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். காரணம் சுடுவதற்கு அல்ல. அதற்கு உரிய குண்டு இப்போது கடையில் கிடைக்காது. ஒன்று, அது குறைவாகவே செய்யப்பட்டது. இன்னொன்று, அதன் மேல் இருக்கும் சித்திர வேலை. பித்தளை நிறத்தில் மின்னும் அதன் உடம்பில், சின்ன உளியால் கொடியும் இலையும் சுருள் சுருளாகச் செதுக்கியிருப்பார்கள். சேகரிப்பவர்கள் லென்ஸ் வைத்துப் பார்ப்பார்களாம். செதுக்கல் அந்தக் காலத்தில் செய்ததா, விலை கூட்டப் பிறகு யாராவது செதுக்கியதா என்று கோட்டின் தேய்மானத்தை வைத்துக் கணிப்பார்கள். பளபளப்பாகத் தேய்த்துவிட்டால் மதிப்பு போச்சு! பழைய அழுக்கு நிறம் அப்படியே இருக்க வேண்டும். வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊர் அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் கம்பெனியின் பழைய சேகரிப்பு கண்ணாடிக்குள் இருக்கிறது.

பிற்காலத்தில் வின்செஸ்டர் துப்பாக்கிகளுக்குச் சித்திரம் செதுக்கிய உல்ரிச் சகோதரர்களின் பெயர் தெரியும். ஆனால் பழைய வால்கானிக் துப்பாக்கிகள் பலவற்றில் செதுக்கியவர் பெயரே கிடையாது. சட்டை தைத்த பெண்களின் பெயரும் அப்படித்தான்.

நண்பர்களே, வின்செஸ்டரிடம் கற்க வேண்டியது, தோற்றதைப் பாதியில் கைவிடாத குணம். அதோடு நான் நினைப்பது இன்னொன்று. ஒரு பொருளின் மேல் ஒரு பெயர்தான் இருக்கும், அதற்குள் பல பேரின் கை இருக்கும். பெயரைப் படிக்கும்போது அந்தக் கைகளையும் நினைப்போம். துப்பாக்கி கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், அதன் மேல் இருக்கும் பூவும் கொடியும் மட்டும் நம் கண்ணுக்கு விருந்தாகட்டும்!

— 9-ஆம் வகுப்பு மாணவி