வெற்றிக்குப் பின் வந்த சோதனை

தேர்தல் வெற்றி ஒருநாள் நிகழ்வு. வென்றவரின் சோதனை மறுநாளே ஆரம்பமாகின்றது. வாஷிங்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இது பொதுவான நியதி. தந்தை செல்வாவின் வாழ்வு இதற்குச் சான்று.

1898 மார்ச் 31 இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து தெல்லிப்பழையில் வளர்ந்தவர் சா.ஜே.வே. செல்வநாயகம். கொழும்பில் பெயர்பெற்ற சட்டத்தரணியாக விளங்கிய அவர், 1947 இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் காங்கேசன்துறையில் வென்றார். மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டபோது கட்சித் தலைமையுடன் முரண்பட்டு, 1949 இல் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1952 இல் தமது தொகுதியையே இழந்தார்.

1956 இல் அவரது கட்சி 10 ஆசனங்களை வென்றது. அதே தேர்தலில் தனிச் சிங்களம் என்ற வாக்குறுதியுடன் பண்டாரநாயக்க ஆட்சியைப் பிடித்தார். இருவருக்கும் தாம் பெற்ற ஆணையே விலங்கானது. ஆயினும் 1957 ஜூலை 26 இல் இருவரும் உடன்படிக்கை செய்தனர். சமஷ்டி கேட்டு வென்ற செல்வநாயகம் பிராந்திய சபைகளுக்கு இணங்கினார். தமது கட்சியையும் இணங்கச் செய்தார். ஜே.ஆர். ஜயவர்தன கண்டிக்கு எதிர்ப்பு யாத்திரை புறப்பட்டார்; பிக்குமாரும் கிளர்ந்தனர். 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்க உடன்படிக்கையைக் கைவிட்டார். அடுத்த மாதமே இனக்கலவரம் மூண்டது.

1965 இல் டட்லி சேனநாயக்கவுடன் செய்த ஒப்பந்தமும் நிறைவேறவில்லை. 1976 இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் எடுக்கப்பட்டது. 1977 ஏப்ரல் 26 இல் செல்வநாயகம் மறைந்தார்.

வாக்குறுதி தந்து பதவிக்கு வருவது எளிது. நாட்டின் நலனுக்காக அதனைத் தளர்த்துமாறு தம்மவரிடமே எடுத்துரைக்கத் துணிவு வேண்டும். அத்துணிவு ஒரு தரப்பில் மட்டுமே நிலைத்தது. அதற்கான விலையை இரு இனங்களும் செலுத்தின.