ஒரு சுழியின் கதை

எங்க குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். மன்னார்புரம் வீட்டில் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மாவுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன். எ எழுதினாங்க. அடுத்து ஏ. இதுக்கு மட்டும் எதுக்குக் கீழே ஒரு கோடு என்று கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியவில்லை. தேடியபோது கிடைத்தவர்தான் வீரமாமுனிவர்.

இத்தாலி நாட்டில் 1680 நவம்பர் 8-ல் பிறந்தவர். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இயேசு சபைத் துறவியாகி 1710-ல் கோவாவில் வந்து இறங்கி, பிறகு தமிழகம் வந்தார். அதாவது, முப்பது வயதுக்குமேல்தான் அ, ஆ படிக்க ஆரம்பித்தார்! நம்ம திருச்சிக்குப் பக்கத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஏலாக்குறிச்சியில் பல ஆண்டுகள் பணி செய்தார்.

அந்தக் காலத்தில் எ-மேல் புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். ஆனால் ஓலையில் புள்ளி குத்தினால் கிழிந்துவிடுமே! எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். அப்புறம் எரியும் ஏரியும் ஒன்று, கொடுவும் கோடுவும் ஒன்று. படிப்பவர்தான் இடம் பார்த்து ஊகிக்கணும். வீரமாமுனிவர் புள்ளியை நம்பாமல், நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்தார். ஏ-வுக்குக் கீழ்க்கோடு, ஓ-வுக்குச் சுழி, கே, கோ எழுதக் கொம்பின் தலையில் ஒரு சுழி. இங்கிலீஷில் இன்றைக்கும் ரீட், ரெட் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கள்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்!

இதோடு நிற்கவில்லை. தேம்பாவணி பாடினார், தொன்னூல் விளக்கம் என்ற இலக்கணம் செய்தார், 1732-ல் சதுரகராதி தந்தார், பரமார்த்த குருவை வைத்து நம்மைச் சிரிக்க வைத்தார். 1747-ல் காலமானார்.

ஒர்க்‌ஷாப்பில் 2.5 மில்லிமீட்டரில் புள்ளியை விட்டால் 25 ஆகி, ஜாப் வீணாகும். சின்னக் குறிதானே என்று நாம் நினைக்கலாம். முதன்முதலாகப் படிப்பவருக்கு அந்தக் குறிதான் கைப்பிடி.

போன வாரம் பஸ் போர்டைப் பார்த்து அம்மா மெலூர் என்று படித்தாங்க. உடனே சுழியைப் பார்த்துட்டு மேலூர் என்று அவங்களே திருத்தினாங்க. நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருநூறு வருஷத்துக்கும் முந்தைய அந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார்!