மேசைமேல் ஓடிய வண்டி

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கடலுள் நீண்டு கிடக்கும் பகுதிக்குக் கார்ன்வால் என்பது பெயர். அந்நிலத்தின் மேற்பரப்பைவிட அடிவயிறே செல்வம் மிக்கது. செம்பும் வெள்ளீயமும் அங்கே பழங்காலந்தொட்டு அகழ்ந்தெடுக்கப்பட்டன. ஆனால் தோண்டத் தோண்டச் சுரங்கத்தில் நீர் ஊறும். அந்நீரை இறைத்தாலன்றி அடுத்த முழம் தோண்ட இயலாது. நீர் இறைக்க நீராவிப் பொறி வேண்டும்; பொறிக்கு நிலக்கரி வேண்டும்; கார்ன்வாலிலோ நிலக்கரி இல்லை. வேல்சிலிருந்து கப்பலேறி வரும் கரியைப் பெருவிலை கொடுத்தே வாங்க வேண்டும். ஆகவே, குறைந்த கரியைத் தின்று மிகுந்த வேலையைச் செய்யும் பொறி எது என்னும் கேள்வி அந்நாட்டு மக்களின் அன்றாடப் பேச்சாயிற்று.

இக்கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டே வளர்ந்தவர் ரிச்சர்டு டிரெவிதிக். அவர் 1771ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள் இல்லோகன் என்னும் ஊரையடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தையார் சுரங்கமொன்றின் தலைமை மேற்பார்வையாளர். பெண் மக்கள் பலர் நடுவே ஒரே ஆண்மகனாகப் பிறந்தமையால் சிறுவன் செல்லத்திற்குக் குறைவின்றி வளர்ந்தான். பள்ளியிலோ அவனுக்கு நற்பெயர் இல்லை. சொற்கேளாதவன், மந்தன், பிடிவாதக்காரன் என்றே ஆசிரியர் எண்ணினார். கணக்கில் மட்டும் அவன் விடை சரியாக இருக்கும். ஆனால் விடைக்கு அவன் சென்ற வழி ஆசிரியர் காட்டிய வழியாக இராது. ஏட்டுக் கல்வியில் ஊன்றாத அவ்வுள்ளம் சுரங்க வாயிலில் ஆடும் பொறிகளில் ஊன்றி நின்றது. வளர்ந்து ஆளானபோது அவர் ஆறடி இரண்டு அங்குல உயரமும் அதற்கேற்ற உடல் வலிவும் உடையவராயினார். மற்போரிலும் வல்லவர், ‘கார்ன்வாலின் பேருருவர்’ என ஊரார் அவரை அழைத்தனர்.

அந்நாளில் நீராவிப் பொறி என்றாலே ஜேம்ஸ் வாட்டின் பொறிதான். 1769இல் பெற்ற காப்புரிமையின் வலிமையால் 1800ஆம் ஆண்டுவரை அத்துறை வாட்டின் ஆட்சிக்குள் அடங்கியிருந்தது. அவர் பொறியில் நீராவிக்கு அழுத்தம் மிகக் குறைவு. வேலை செய்து முடித்த ஆவியைத் தனிக்கலம் ஒன்றில் குளிர்வித்து நீராக்குவர். அதனால் உண்டாகும் வெற்றிடமே உந்துதண்டை இழுத்து இயக்கும். இப்பொறி சிறந்ததே, எனினும் அதன் உடல் வீட்டளவு பெரியது. குளிர்விக்கும் கலமும் அதற்கு வேண்டிய தண்ணீரும் காற்றை வெளியேற்றும் குழாய்களுமாக அது நின்ற இடத்திலேயே நிற்கவேண்டியதாயிற்று. வண்டியில் ஏறி ஊர்ந்து செல்ல அதனால் ஆகாது.

டிரெவிதிக்கின் எண்ணம் வேறு வழியில் ஓடியது. நீராவியை மிகுந்த அழுத்தத்தில் அடைத்து வைத்தால் அதுவே உந்துதண்டைத் தள்ளுமே. பின்பு அதனைக் குளிர்விக்காமல் வெளியே விட்டுவிட்டால் என்ன இழப்பு நேரும் என்று அவர் எண்ணினார். இதனை டேவிஸ் கிடி என்னும் கணித அறிஞரிடம் கேட்டார். பிற்காலத்தில் கில்பர்ட் எனப் பெயர் மாற்றிக்கொண்டு, இங்கிலாந்தின் அரச கழகத்திற்குத் தலைவராக விளங்கியவர் இவரே. ஆவியின் அழுத்தம் எத்தனை மடங்காயினும், வெளியே விடுவதால் இழப்பது ஒரு வளிமண்டல அழுத்தமே என்று கிடி விளக்கினார். டிரெவிதிக் மகிழ்ச்சியால் துள்ளினார். அழுத்தத்தைப் பன்மடங்காக்கிக்கொண்டால் இந்த இழப்பு ஒரு பொருட்டாகாது. குளிர்விக்கும் கலமும் அதைச் சார்ந்தவையும் ஒருங்கே நீங்கிவிடும். பொறி சிறுத்துச் சக்கரத்தின்மேல் ஏறிக்கொள்ளும்!

எண்ணியதை உடனே பெரிதாகச் செய்துவிட அவரிடம் பொருள் இல்லை. ஆதலின் சிறிய மாதிரிகளைச் செய்யத் தொடங்கினார். 1797இல் அவருக்கும், ஹெய்லில் வார்ப்பாலை நடத்திய ஜான் ஹார்வி என்பவரின் மகளாகிய ஜேனுக்கும் திருமணம் நடந்தது. காம்போர்னில் அவர்கள் குடியிருந்த வீடே ஆராய்ச்சிக்கூடமும் ஆயிற்று. ஒருநாள் அவ்வீட்டிற்குப் பெரிய விருந்தினர் வந்தனர். அப்பகுதியின் சுரங்கங்கள் பலவற்றிற்கு உரிமையாளரான டி டன்ஸ்டன்வில் பெருமகனும் அவர் மனைவியாரும் கிடியும் வந்திருந்தனர். சமையற்கட்டின் வெப்பநீர்க் கெண்டியை ஒத்த சிறு கொதிகலன்; அதனோடு ஒன்றாக இணைந்த உருளை; கீழே சக்கரங்கள். இதுவே அன்று மேசைமேல் வைக்கப்பட்ட வண்டி. கொதிகலனில் சுடுநீரை ஊற்றி, அடியிலிருந்த குழாய்க்குள் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டைச் செருகினார்கள். அடுப்பு மூட்டுபவராகக் கிடி அமர்ந்தார். ஆவித் திறப்பைத் திருப்பும் பணி அப்பெருமகளுக்குக் கிடைத்தது. அவர் திருப்பியதும் உந்துதண்டு அசைந்தது, சக்கரம் சுழன்றது, சிறு வண்டி தானே நகர்ந்தது.

வீட்டு மேசையில் சிறு வண்டி ஓடியதனால் நாட்டுப் பாதையில் பெருவண்டி ஓடும் என்று கொள்ளலாமா? இக்கேள்வியைப் பலரும் கேட்டிருப்பர். டிரெவிதிக்கிற்கு முன்பே, 1784இல், வாட்டின் ஊழியரான வில்லியம் மர்டாக் என்பவர் அதே கார்ன்வாலில் மூன்று சக்கர மாதிரி ஒன்றைச் செய்து அறைக்குள் ஓட்டிக் காட்டினார். முதலாளிகள் ஊக்கம் அளிக்காமையால் அது பொம்மையாகவே நின்றுவிட்டது. டிரெவிதிக்கோ மாதிரியை அளந்து பார்த்தார். குளிர்விக்கும் கலமின்றியே பொறி இயங்கும் என்பதை அது ஐயமற மெய்ப்பித்தது. ஆனால் மேசைமேல் வழுக்காத சக்கரம் மேட்டில் வழுக்காதிருக்குமா? அதனை அறிய அவரும் கிடியும் ஒரு வண்டியின் குதிரையை அவிழ்த்துவிட்டு, சக்கரங்களைக் கையாலேயே சுழற்றி மேட்டில் ஏற்றிப் பார்த்தனர். சக்கரம் தரையைப் பற்றிக்கொண்டு ஏறியது. இவ்வாறு மாதிரி விடையளிக்காத கேள்விக்கு வேறொரு சோதனையால் விடை கண்டனர்.

ஆயினும் ஒரு கேள்வி கேட்கப்படாமலே நின்றது. ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இருமடங்காக்கினால் அதன் எடை எண்மடங்காகும். அதனைத் தாங்கும் பரப்போ நான்மடங்குதான் ஆகும். பத்து மடங்காக்கினால் எடை ஆயிரம் மடங்கு. பரப்பு நூறு மடங்கு. சிறு வண்டியைத் தாங்குவதில் மேசைக்கு வருத்தமே இல்லை. பெரிய வண்டியைப் பாதை தாங்குமா என்பதை அம்மேசை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. டிரெவிதிக்கின் வாழ்வில் நேர்ந்த துன்பங்களுள் பாதிக்கு இதுவே வேர்.

1801ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், மழை தூறிய மாலைப்பொழுதில், காம்போர்ன் மேட்டுச் சாலையில் மனிதரைச் சுமந்துகொண்டு பெரிய நீராவி வண்டி ஏறியது. குதிரையும் மாடும் இன்றி வண்டி மேடேறிய காட்சியைக் கண்டு ஊர் திரண்டது. நான்கு நாள் கழித்து அவ்வண்டி சாலைப் பள்ளமொன்றில் சிக்கிப் பழுதுற்றது. அதனை ஒரு கொட்டகையில் தள்ளி நிறுத்திவிட்டு, உடன் வந்தவர் அனைவரும் அருகிலிருந்த விடுதியில் வாத்திறைச்சி விருந்தில் அமர்ந்தனர். அடுப்பை அணைக்க ஒருவரும் எண்ணவில்லை. கொதிகலனில் நீர் வற்றியது, இரும்பு பழுத்தது, வண்டியும் கொட்டகையும் ஒருங்கே எரிந்தன. அடுத்த ஆண்டு மார்ச்சில் டிரெவிதிக்கும் அவர் உறவினர் ஆண்ட்ரூ விவியனும் காப்புரிமை பெற்றனர்.

1803இல் கிரீனிச்சில் அவர் முறைப்படி அமைந்த கொதிகலன் ஒன்று வெடித்து நால்வர் மாண்டனர். அதைக் காக்க வேண்டிய சிறுவன் மீன் பிடிக்கப் போய்விட்டான். பாதுகாப்பு வால்வும் அடைபட்டிருந்தது. உயர் அழுத்த ஆவியே கூடாதென்று வாதிட்டவர்களுக்கு இது நல்ல வாய்ப்பாயிற்று. டிரெவிதிக் வாதத்தில் இறங்கவில்லை. கொதிகலனுக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பாதுகாப்பு வால்வுகளை வைத்தார். நீர் குறைந்தால் உருகி ஆவியை வெளிவிடும் ஈய அடைப்பையும் பொருத்தினார்.

அவர் புகழின் உச்சி 1804ஆம் ஆண்டு. தெற்கு வேல்சில் பெனிடாரன் இரும்பாலையின் உரிமையாளரான சாமுவேல் ஹாம்ஃப்ரே, டிரெவிதிக்கின் வண்டி பத்து டன் இரும்பை இழுக்கும் என்று மற்றோர் ஆலை முதலாளியிடம் 500 கினி பந்தயம் கட்டினார். பிப்ரவரி 21ஆம் நாள் வண்டி புறப்பட்டது. பத்து டன் இரும்பையும் ஐந்து பெட்டிகளையும், அவற்றின்மேல் தாமே ஏறிக்கொண்ட எழுபது பேரையும் இழுத்துக்கொண்டு ஒன்பதே முக்கால் மைல் தொலைவை 4 மணி 5 நிமிடத்தில் கடந்தது. வழியில் மரங்களை வெட்டியும் பாறைகளை அகற்றியும் நேரம் கழிந்தது. உலகில் இருப்புப்பாதைமேல் நீராவி வண்டி சுமை இழுத்த முதல் பயணம் அதுவே. பந்தயப் பணம் ஹாம்ஃப்ரேக்கு; புகழ் டிரெவிதிக்கிற்கு. ஆனால் ஏறத்தாழ ஐந்து டன் எடையுள்ள அவ்வண்டியின்கீழ், குதிரை வண்டிகளுக்கென வார்த்த இரும்புத் தகடுகள் நொறுங்கின. மேசை சொல்லாத விடையைப் பாதை சொல்லிற்று. பொறியைச் சக்கரத்திலிருந்து விலக்கி ஆலை வேலைக்குப் பயன்படுத்தினர்.

1808இல் இலண்டனில் வட்டமாகப் பாதை இட்டு, வேலியடைத்து, ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் மற்றொரு வண்டியை ஓட்டினார். ‘முடிந்தால் பிடி’ என்னும் பொருளுடைய பெயரை அதற்குக் கிடியின் தங்கை சூட்டினார். மக்கள் வேடிக்கை பார்த்தனர். சிலர் ஏறியும் பார்த்தனர். மென்மையான தரையில் பாதை மீண்டும் முறிந்தது. அதன்பின் புகைவண்டிமேல் அவர் மனம் செல்லவில்லை. அதே ஆண்டில் தேம்ஸ் ஆற்றின் அடியில் அவர் குடைந்த சுரங்கவழியும் வெள்ளத்தால் கைவிடப்பட்டது. 1811இல் கடனாளியாகி நொடித்துப் போனார்.

இந்நிலையில், அவர் செய்து மறந்த மற்றொரு மாதிரி அவர் வாழ்வை மீண்டும் திருப்பியது. தென்னமெரிக்காவில் பெரு நாட்டின் செரோ தெ பாஸ்கோ வெள்ளிச் சுரங்கங்கள் கடல்மட்டத்திற்கு 14,000 அடிக்கு மேலே உள்ளன. அங்கும் நீர் ஊறிச் சுரங்கங்கள் மூழ்கின. பொறி தேடி ஊவில்லே என்பவர் 1811இல் இங்கிலாந்துக்கு வந்தார். வாட் குழுவினரின் பொறி அவ்வுயரத்திற்கு ஏற்றதன்று என்ற விடையே கிடைத்தது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்குதான். காற்றழுத்தத்தை நம்பி இயங்கும் பொறி அங்கே தளர்ந்துவிடும். மனமுடைந்து இலண்டன் தெருவில் நடந்த ஊவில்லே, ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னே சிறு நீராவிப் பொறி ஒன்றைக் கண்டார். டிரெவிதிக்கின் மாதிரி அது. 20 கினி கொடுத்து அதனை வாங்கிக் கப்பலேற்றி, மலைகளைக் கடந்து செரோ தெ பாஸ்கோவிற்குக் கொண்டுபோய், அம்மெல்லிய காற்றிலேயே தீ மூட்டிச் சோதித்தார். பொறி சுழன்றது. ஆவியின் வலிமையையே நம்பிய அதற்குக் காற்றின் மெலிவு தடையாகவில்லை. இந்தச் சோதனை காம்போர்ன் வீட்டுச் சோதனையினும் மேலானது. பொறி எங்கே வேலை செய்ய வேண்டுமோ அங்கேயே அது சோதிக்கப்பட்டதல்லவா?

ஊவில்லே மீண்டும் இங்கிலாந்து வந்து டிரெவிதிக்கைக் கண்டார். 1814இல் ஒன்பது பொறிகள் பெருவுக்குச் சென்றன. 1816இல், மனைவி மக்களைக் கார்ன்வாலில் விட்டுவிட்டு, டிரெவிதிக்கும் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் புறப்பட்டார். பதினோராண்டுகள் அவர் திரும்பவில்லை. அங்கே விடுதலைப் போர் மூண்டு சுரங்கங்களும் பொறிகளும் சிதைந்தன. பின்னர்க் கோஸ்டாரிக்காவின் காடுகளில் வழி தேடி அலைந்தார். வெள்ளத்திலும் முதலையின் வாயிலும் சிக்காமல் தப்பினார். அத்தனை ஆண்டுகளும் குழந்தைகளை வளர்த்துக் குடும்பத்தைக் காத்தவர் ஜேன் அம்மையார். அவர் பட்ட பாடு வரலாற்றில் சில வரிகளே பெற்றது.

1827இல் கார்த்தஹேனா துறைமுகத்தில், கையில் காசின்றி நின்ற டிரெவிதிக்கை இளைஞர் ஒருவர் கண்டு ஊர் திரும்ப 50 பவுன் கொடுத்து உதவினார். அவர் ராபர்ட் ஸ்டீபன்சன். இரண்டாண்டு கழித்து ரெயின்ஹில் போட்டியில் வென்ற ‘ராக்கெட்’ வண்டியைச் செய்தவர். டிரெவிதிக் நாடு திரும்பியபோது உடுத்த உடையும் ஒரு பொற்கடிகாரமும் வரைகருவியும் திசைகாட்டியும் வெள்ளிக் குதிமுள் இரண்டுமே அவர் உடைமை. தம் கண்டுபிடிப்புகளுக்குக் கைம்மாறு வேண்டி நாடாளுமன்றத்திற்கு விண்ணப்பித்தார், ஒன்றும் கிடைக்கவில்லை. டார்ட்ஃபோர்டு என்னும் ஊரில் ஓர் ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது நோயுற்று, 1833ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆம் நாள் விடுதியறை ஒன்றில் உயிர் நீத்தார். அடக்கச் செலவை ஆலைத் தோழர்களே ஏற்றனர். புதைத்த இடத்தில் பெயர்க்கல்லும் இல்லை.

அவர் மகன் பிரான்சிஸ் பிற்காலத்தில் குரூ நகரில் பெரிய புகைவண்டி நிறுவனமொன்றின் எந்திரப் பொறுப்பாளரானார். 1872இல் தந்தையின் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். மேசைமேல் வண்டி ஓடிய செய்தி நமக்கு எட்டியது அந்நூலால்தான். 1932இல் காம்போர்ன் நகர நூல்நிலையத்தின் முன் டிரெவிதிக்கிற்குச் சிலை நிறுவப்பட்டது. மேட்டுச் சாலையை நோக்கி நிற்கும் அச்சிலையின் கையில் இருப்பது சிறு நீராவி வண்டி மாதிரி ஒன்று.