குருவியின் பெயர் கேட்ட சிறுவன்

குழந்தைகளே, தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்திருப்பீர்கள். பனை ஓலை நுனியில் சுரைக்குடுவை போலத் தொங்கும். அந்தக் குருவியின் ரகசியத்தைக் கண்டு சொன்னவர் பறவை அறிஞர் சலீம் அலி.

இவர் 1896-ம் ஆண்டு நவம்பர் 12-ம் தேதி மும்பையில் பிறந்தார். சின்னஞ்சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி? மாமாவுக்கும் தெரியவில்லை. மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அதை எடுத்துப் போனார் சிறுவன் சலீம். அங்கே செயலாளர் மில்லார்டு அதன் பெயரைச் சொன்னார். பதப்படுத்தி வைத்திருந்த ஏராளமான பறவைகளையும் காட்டினார். அன்றே பறவைகள் மீது ஆசை பிறந்துவிட்டது.

ஜெர்மனியில் பறவையியல் பயின்று 1930-ல் திரும்பியபோது, அவர் பார்த்துவந்த அருங்காட்சியக வேலை இல்லாமல் போயிருந்தது. அவர் துவண்டுவிடவில்லை. மனைவியுடன் அரபிக் கடலோரத்தில் உள்ள கிஹிம் கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே தூக்கணாங்குருவிகளை மணிக்கணக்கில் மறைந்திருந்து கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் குருவி வந்து சோதித்துப் பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் மீதியைக் கட்டி முடிக்கும்! இந்த ஆராய்ச்சி அவருக்குப் பெரும் புகழ் தந்தது. 1941-ல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூலும் வெளிவந்தது.

நம் தமிழகக் கடற்கரைக்கும் அவர் வந்தார். நாகப்பட்டினம் மாவட்டக் கோடியக்கரையில் ஒருபுறம் காடு, மறுபுறம் கடலும் சேறும். குளிர்காலத்தில் வடக்கே வெகுதொலைவிலிருந்து உள்ளான்கள் பறந்து வரும். பூநாரைகளும் கூட்டம் கூட்டமாகக் கூடும். அந்த இடத்தின் அருமையை 1960-களில் உலகுக்கு எடுத்துச் சொன்னார். அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல்! 1967-ல் கோடியக்கரை சரணாலயம் ஆனது. அவர் வழிகாட்ட, கழகத்தினர் அங்கே பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்கவிட்டனர். அந்தப் பறவை வேறு ஊரில் சிக்கினால், அது எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்துவிடுமே!

பத்ம விபூஷண் விருது பெற்ற சலீம் அலி, 1987-ம் ஆண்டு ஜூன் 20-ம் தேதி தமது 90-வது வயதில் மறைந்தார். கோவை அருகே ஆனைகட்டியில் உள்ள பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தாம்பரம், பொழிச்சலூர் பக்கத்துப் பிள்ளைகளே! பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கும் குளிர்காலத்தில் விருந்தாளிப் பறவைகள் வருகின்றன. பெரியவர்களுடன் போய்ப் பாருங்கள். துப்பாக்கி வேண்டாம், ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பெயர் தெரியாத பறவையைக் கண்டால், சிறுவன் சலீமைப் போல விடாமல் கேளுங்கள்.