எந்திரக் கலைஞர் ஜி. டி. நாயுடு

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை, செங்கற்பட்டைக் கடந்து, பாலாற்றைத் தாண்டி, மதுராந்தகத்தை அடைகிறது. மதுராந்தகன் என்பது உத்தம சோழனுக்கு வழங்கிய பெயர். அப்பெயர் தாங்கிய இவ்வூருக்கு அழகு தருவது அதன் பெரிய ஏரி. ஏரியை அடுத்துச் செல்லும் அச்சாலையில் பேருந்துகளும் லாரிகளும் கார்களும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஓடும் வண்டிகள் மிகுந்த இடத்தில், பழுதாகி நிற்கும் வண்டிகளும் இருக்குமன்றோ? ஆதலால் சாலையோரத்தில் மோட்டார் பட்டறைகள் பல உள்ளன.

அத்தகைய பட்டறை ஒன்றில் நடைபெறும் வேலையைச் சற்றே நின்று நோக்குவோம். கார் ஒன்றின் எஞ்சினிலிருந்து டக், டக் என்னும் ஓசை விடாமல் எழுகிறது. தொழிலாளி செவி சாய்த்துக் கேட்கிறார். பின்னர் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, உள்ளிருந்து விரற்கடை அளவான எஃகு உருளைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார். அவற்றைக் கண்டபடி குவித்துவிடுவதில்லை. அட்டை ஒன்றில் துளையிட்டு, எண் குறித்து, வரிசை மாறாமல் நிறுத்தி வைக்கிறார். அந்த உருளைகளுக்கு வால்வு லிப்டர்கள் என்று பெயர்.

எஞ்சினுக்குள் எரிபொருட் கலவை புகுவதற்கும், எரிந்த புகை வெளியேறுவதற்கும் வாயில்கள் உண்டு. அவ்வாயில்களின் கதவுகளே வால்வுகள். சுழலும் தண்டு ஒன்றிலுள்ள புடைப்புகள் லிப்டரைத் தள்ள, லிப்டர் அத்தள்ளுதலைக் கடத்தி வால்வைத் திறக்கும். சுருள்வில் அதனை மீண்டும் மூடும். நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்திற்கு 2000 முறை சுழலும்போது, ஒவ்வொரு வால்வும் 1000 முறை திறந்து மூடுகிறது. சூடேறினால் உலோகம் நீளும். ஆகவே, இவ்வுறுப்புகளுக்கிடையே மயிரிழை போன்ற இடைவெளி விட்டே பழைய எஞ்சின்களை அமைத்தனர். இடைவெளி மிகுந்தால் ஓசை எழும். குறைந்தால் வால்வு முற்றும் மூடாமல், நாளடைவில் கருகிக் கெடும். இத்தொல்லையைத் தீர்க்க, எண்ணெயின் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும் அமைப்பைப் பின்னர்க் கண்டனர். 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காடிலாக் நிறுவனம் வெளியிட்ட பதினாறு சிலிண்டர் காரில் இவ்வமைப்பு இடம்பெற்றது. எண்ணெய் அழுக்கடைந்து லிப்டரின் நுண்துளைகள் அடைபட்டாலும், லிப்டர் தேய்ந்தாலும், பழைய ஓசை திரும்ப எழும். அப்போது தேய்ந்தவற்றை நீக்கிப் புதியன பொருத்தவேண்டும். நல்லனவாக உள்ளவற்றை, எந்தத் துளையிலிருந்து எடுத்தனரோ அந்தத் துளையிலேயே திரும்ப வைக்கவேண்டும். நெடுநாள் சேர்ந்து உழைத்த உறுப்புகள் ஒன்றற்கு ஒன்று இசைந்து தேய்ந்திருக்கும். அந்த இசைவைக் குலைத்தல் கூடாது. தொழிலாளி எண் குறித்து வைத்ததன் காரணம் இதுவே.

பிரித்தல் எளிது, பிரித்ததை ஒழுங்கு குலையாமல் திரும்பப் பூட்டி ஓடச் செய்தல் அரிது. அவ்வரிய செயலையே தமக்குப் பள்ளியாகக் கொண்டு, தமிழ்நாட்டில் எந்திரத் தொழிலுக்குப் பெருமை தேடித் தந்தவர் ஒருவர் உண்டு. அவர் கோவையில் வாழ்ந்த ஜி. டி. நாயுடு ஆவார். அவருடைய வரலாற்றை இனிக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

கோயமுத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23-ஆம் நாள் துரைசாமி பிறந்தார். தந்தையார் கோபால்சாமி நாயுடு; வேளாண்மை செய்து வாழ்ந்தவர். துரைசாமி இளமையிலேயே தாயை இழந்தார். பள்ளியில் அவர் மனம் பொருந்தவில்லை. ஆசிரியர்மீது மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடிய குறும்பர் என்றே அவரது இளமைப் பருவத்தைப் பற்றிச் சொல்வர். அச்செயல் போற்றத்தக்கதன்று. தொடக்கக் கல்வியோடு அவரது பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. ஆயினும், அவர் அறிவுப் பசி இல்லாதவர் அல்லர். அப்பசிக்கு ஏற்ற உணவு பின்னர் ஒருநாள் அவர் ஊருக்கே வந்து சேர்ந்தது.

வருவாய்த் துறையைச் சார்ந்த ஆங்கில அலுவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஏறி அப்பக்கம் வந்தார். ரட்ஜ் என்னும் ஆங்கில நிறுவனம் செய்த வண்டி அது. மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடுவதைக் கண்ட துரைசாமிக்கு வியப்புத் தாங்கவில்லை. கண்டவர் பலரும் வியந்தனர். வியந்து வீடு திரும்பினர். துரைசாமியோ அது எவ்வாறு ஓடுகிறது என்று அறிந்தே தீரவேண்டும் எனக் கருதினார். அதற்கு ஒரே வழி, அவ்வண்டியைத் தமதாக்கிக்கொள்வது. கையில் பொருள் இல்லை. கோவைக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் அமர்ந்தார். இலை போட்டும், நீர் ஊற்றியும், ஏவிய வேலைகளைச் செய்தும் ஈட்டிய கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். ஆண்டுகள் சில உருண்டன. சில நூறு ரூபாய் சேர்ந்ததும், விரும்பிய வண்டியை விலைக்கு வாங்கினார்.

முதற் பாடம்

வண்டி கைக்கு வந்ததும் பிறராயின் ஊரைச் சுற்றி வந்திருப்பர். துரைசாமி அதனை முழுதும் பிரித்துப் போட்டார். பின்னர் அவ்வுறுப்புகள் அனைத்தையும் திரும்பப் பூட்டினார். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் அது. வால்வு எங்கே இருக்கிறது, அதனைத் தள்ளுவது எது, மூடுவது எது, பொறி எப்போது தெறிக்கிறது என்பவற்றை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆசிரியர் எவரும் அருகில் இல்லை. உறுப்புகளே பாடம் சொல்லின. விரல்களே அப்பாடத்தைப் படித்தன.

எந்திரத்தைக் கற்பதில் ஒரு கடுமை உண்டு. ஒரு திருகாணி மீந்தாலும், ஓர் உறுப்பு இடம் மாறினாலும், எஞ்சின் ஓடாது. அங்கே பாதி மதிப்பெண் பெற்றுத் தேறுதல் இல்லை. பள்ளியின் கட்டுப்பாட்டைப் பொறுக்காமல் ஓடிய இளைஞர், அதனினும் கடுமையான இக்கட்டுப்பாட்டிற்குத் தாமே விரும்பித் தலைவணங்கினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

வீழ்ச்சியும் எழுச்சியும்

பின்னர் அவர் திருப்பூரில் பஞ்சு அரைக்கும் ஆலைத் தொழிலில் ஈடுபட்டார். முதல் உலகப் போர்க்காலத்தில் அத்தொழில் நல்ல பொருளை ஈட்டித் தந்தது. அதனைப் பெருக்கும் எண்ணத்தோடு பம்பாய் சென்று பருத்தி வாணிகத்தில் இறங்கினார். அங்கே ஈட்டியதையும் இழந்து வெறுங்கையோடு ஊர் திரும்பினார். பொருள் போயிற்று, ஆனால், மோட்டார் சைக்கிளிடம் கற்ற அறிவை எந்தச் சந்தையும் கவர்ந்துகொள்ள இயலவில்லை.

கோவையில் தொழில் நடத்திவந்த ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலப் பெரியார் அவருக்குத் துணை நின்றார். 1920-ஆம் ஆண்டில் நாயுடு ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே. ஒரு பேருந்து பல பேருந்துகளாகப் பெருகியது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் அவரது நிறுவனம் சில ஆண்டுகளில் நாட்டின் மிகச் சிறந்த பேருந்து நிறுவனங்களுள் ஒன்றெனப் பெயர் பெற்றது.

பேருந்துத் தொழிலின் உயிர்நிலை சாலையில் இல்லை, பட்டறையில் உள்ளது. காலையில் குறித்த நேரத்தில் வண்டி புறப்பட வேண்டுமாயின், முன்னிரவிலேயே அதன் எஞ்சினைப் பார்த்துச் சீர் செய்திருக்கவேண்டும். சிறிய ஓசையைப் பொருட்படுத்தாது விட்டால், நடுவழியில் பயணிகள் வெயிலில் நிற்க நேரும். எந்திரத்தின் உள்ளுறுப்புகளைக் கையால் தொட்டு அறிந்த ஒருவர் முதலாளியாக அமைந்தது அந்நிறுவனத்தின் நற்பேறு எனலாம்.

ஆக்கங்கள்

பழுது பார்ப்பதில் தேர்ந்த கை, புதியன ஆக்குவதிலும் முனைந்தது. கோவை பீளமேட்டில் நாயுடு அமைத்த தொழிற்கூடத்தில், 1937-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் மின்சார மோட்டார் உருவாயிற்று. அம்முயற்சியில் அவரோடு பாடுபட்டவர் த. பாலசுந்தரம் நாயுடு ஆவார். கிணற்று நீரை மாடு பூட்டி இறைத்த கொங்கு நாட்டில், பிற்காலத்தில் மோட்டாரும் பம்பும் செய்யும் தொழில் செழித்து வளர்ந்ததை நினைத்தால், இவ்விதையின் அருமை புலனாகும்.

உலர்ந்த மின்கலங்களால் இயங்கும் ரேசன்ட் என்னும் சவரக் கருவி, மிக மெல்லிய சவரத் தகடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப் பதிவு எந்திரம் முதலியன அவருடைய ஆக்கங்கள். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என 1941-இல் அறிவித்தார். இங்கு வால்வு என்பது எஞ்சின் வால்வு அன்று. ரேடியோவில் பயன்பட்ட கண்ணாடிக் குழல் ஆகும். பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி ஆகிய பயிர்களிலும் ஆய்வு நிகழ்த்தினார். சர் சி. வி. ராமனும், பொறியியல் மேதை விசுவேசுவரய்யாவும் அவரது பண்ணையைக் கண்டு சென்றனர். புகைப்படக் கலையிலும் அவருக்குப் பேரார்வம் உண்டு. 1936-ஆம் ஆண்டு சனவரியில் இலண்டனில் நடைபெற்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கருவியால் படம் பிடித்தார்.

கைகூடாத இரு கனவுகள்

பெரியோர் வாழ்வில் வென்றவற்றை மட்டும் அறிதல் போதாது. கைகூடாதவற்றையும் அறிதல் வேண்டும்.

தொழிற்கல்வியைப் பரப்ப நாயுடு பெருங்கொடை அளித்தார். அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் கோவையில் தொழிற்பள்ளியும் பொறியியற் கல்லூரியும் தோன்றின. 1945-ஆம் ஆண்டில் தொடங்கிய அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் வேண்டா, இரண்டு ஆண்டுகளே போதும் என்பது நாயுடுவின் கொள்கை. ரேடியோ, மோட்டார் முதலியவற்றைப் பழுது பார்க்கும் தொழிலை ஆறு வாரங்களிலேயே கற்பிக்கலாம் என்றும் அவர் கருதினார். அரசு இதற்கு இசையவில்லை. நாயுடு கல்லூரிப் பொறுப்பிலிருந்து விலகினார். பாலமும் அணையும் கட்டுவோர்க்குக் கணக்கும் கோட்பாடும் ஆழ்ந்து கற்க நெடுங்காலம் வேண்டும் என்பது உண்மை. ஏட்டில் எஞ்சினைக் கற்றவர் எஞ்சினைத் தொட்டும் அறியவேண்டும் என்பதும் உண்மையே. இவ்விரண்டும் இணைய வேண்டும் என்பதே அவ்வேறுபாடு நமக்கு உணர்த்தும் பாடம்.

மற்றொரு கனவு சிறிய கார். 1952-ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லத்தக்க பெட்ரோல் கார் ஒன்றை அவர் வெளிக்கொணர்ந்தார். அதன் விலை 2000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்தினரும் கார் வைத்திருக்க இயலும் என்னும் நம்பிக்கையை அது ஊட்டியது. ஆனால், அந்நாளில் எத்தொழிற்சாலை எப்பொருளைச் செய்யலாம் என்பது அரசின் உரிமத்தைப் பொறுத்திருந்தது. நாயுடுவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. கார் செய்யும் வேலை நின்றுபோயிற்று. பின்னாளில், செங்கற்பட்டைச் சார்ந்த மறைமலைநகர், ஒரகடம் ஆகிய இடங்களில் பெரிய கார்த் தொழிற்சாலைகள் எழுந்து, தமிழ்நாட்டுக் கார்கள் கடல் கடந்து சென்றன. அக்காட்சியைக் காண அவர் உயிரோடு இல்லை.

புகழுடல்

1974-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் ஜி. டி. நாயுடு இயற்கை எய்தினார். கோவையில் அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை தொழிற்பயிற்சியை வளர்த்து வருகிறது. பழைய கார்களைத் திரட்டி வைத்துள்ள ஜீடி கார் காட்சியகம் 2015-இல் அங்கே திறக்கப்பட்டது. அவிநாசிச் சாலையில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்திற்கு எழுப்பப்பட்டு, 2025-இல் திறக்கப்பட்ட மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பேருந்து ஓட்டித் தம் வாழ்வைத் தொடங்கியவருக்கு ஒரு சாலையே நினைவுச் சின்னமானது பொருத்தமுடையது.

மதுராந்தகத்துப் பட்டறைக்கு மீண்டும் வருவோம். தொழிலாளி பழைய எண்ணெயை வடித்துவிட்டார், புதிய லிப்டர்களை எண்ணெயில் நனைத்து, உரிய துளைகளில் இட்டார், மேல்மூடியைப் பூட்டினார், எஞ்சினை ஓட்டினார். முதலில் சிறிது நேரம் ஓசை எழுந்தது. எண்ணெய் ஏறி லிப்டர்கள் நிரம்பியதும் அது அடங்கியது. எஞ்சின் சீராக ஓடும் ஒலி மட்டும் கேட்கிறது. கரிபடிந்த கைகளைத் துடைத்துக்கொண்டு அவர் நிமிர்கிறார். அவர் முகத்தில் தோன்றும் நிறைவு, தாம் பிரித்த மோட்டார் சைக்கிள் திரும்ப ஓடியபோது கலங்கல் இளைஞர் பெற்ற நிறைவே ஆகும். கரிபடிந்த அக்கைகளை இழிவாக எண்ணுதல் அறியாமை. ஏட்டறிவோடு கையறிவும் பெற முயலும் மாணவர், நாயுடுவின் பெயருக்கு என்றும் அழியாத சிறப்பைத் தேடித் தருபவர் ஆவர்.